புது மொடல் எப்போது வரும்? வியாபாரத்தில் யாரிடம் மறைப்பது, யாரிடம் மறைக்கக் கூடாது

வீடியோ கேம் பதுளைப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. நகரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பிளேஸ்டேஷன் பெட்டி வைத்திருக்கிறான். பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை கையடக்கத் தொலைபேசியில் விளையாடுகிறான். இரண்டு பேரும் கடைக்கு வந்தால் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "புது மொடல் எப்ப வரும்?"

கடைக்காரருக்குப் பதில் தெரியாது. அவருக்குப் பொருள் அனுப்பும் கொழும்பு இறக்குமதியாளருக்கும் பெரும்பாலும் தெரியாது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருக்கும் ஒரு சிலருக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அண்மைய உதாரணம் ஜப்பானின் நின்டெண்டோ கொம்பனி. அதன் 'சுவிட்ச்' விளையாட்டுப் பெட்டி 2017 இல் வந்து உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்றது. அடுத்தது என்ன என்று உலகமே கேட்டுக் கொண்டிருந்தது. 2024 மே மாதத்தில் கொம்பனியின் தலைவர் ஒரேயொரு விடயத்தைச் சொன்னார். அடுத்த பெட்டி பற்றிய அறிவித்தல் 2025 மார்ச் முடிவதற்குள் வரும் என்பதே அது. 2025 ஜனவரி 16 இல் ஒரு சிறிய வீடியோ வெளியானது. அதில் விலையும் இல்லை, விற்பனைத் திகதியும் இல்லை. ஏப்ரல் 2 இல்தான் விபரங்கள் வந்தன. அமெரிக்காவில் விலை ஏறக்குறைய 450 டொலர். ஜூன் 5 இல் விற்பனை தொடங்கி, முதல் நான்கு நாட்களில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றது.

பெட்டியைத் தயாரிக்கப் பல வருடங்கள் எடுத்திருக்கும். அத்தனை காலமும் மறைத்து வைத்து, விற்பனைக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது விலையைச் சொன்னார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பெரிய கொம்பனிகளின் வீண் ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பதுளை பஸாரில் கடை நடத்தும் நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தின் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று நம் ஊவா மலையிலேயே கிடக்கிறது.

ஹப்புத்தளைக்கு வந்த 'விடுமுறைப் பயணி'

ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னை தோட்டத்துக்குப் போனவர்கள் 'லிப்டன் சீற்' என்ற மலைமுகட்டையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய தோமஸ் லிப்டன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஒரு சில்லறைக் கடைக்காரர். 1871 இல் ஒரு கடையோடு தொடங்கியவர், 1880களின் முடிவில் பிரித்தானியாவெங்கும் சுமார் 300 கடைகளுக்கு உரிமையாளரானார்.

விளம்பரத்தில் அவரை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் குறைவு. 1881 நத்தார்ப் பண்டிகைக்கு அமெரிக்காவிலிருந்து இராட்சதச் சீஸ் கட்டி ஒன்றைத் தருவித்து, உள்ளே தங்க நாணயங்களை வைத்து வெட்டி விற்றவர் அவர். கப்பல் வருவதற்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் அதைச் செய்தார்.

அப்படிப்பட்டவர் 1890 இல் வாயை மூடிக் கொண்டார். அவுஸ்திரேலியாவுக்கு ஓய்வுப் பயணம் போவதாகச் சொல்லிக் கப்பலேறி, வழியில் கொழும்பில் இறங்கினார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். நோக்கம் ஓய்வு எடுப்பதல்ல. தேயிலைத் தோட்டம் வாங்குவதுதான்.

அன்றைய இலங்கையின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1869 இல் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை ஒவ்வொன்றாக அழித்துவிட்டது. தோட்டத் துரைமாருக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884 இல் முறிந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்து கொண்டிருந்த காலம். கடனில் மூழ்கிய தோட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. ரயில் பாதையும் அப்போது நானுஓயா வரைதான் இருந்தது. ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் அது வந்தது 1893, 1894 இல். பதுளைக்கு 1924 இல்தான் வந்தது. ரயில் வருவதற்கு முன் ஊவாவில் நிலத்தின் விலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த நிலையில், '300 கடைகளின் உரிமையாளர் தோட்டம் வாங்க வருகிறார்' என்ற செய்தி முன்கூட்டியே கொழும்புக்கு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? விற்பவர்கள் விலையை ஏற்றியிருப்பார்கள். லண்டனில் தேயிலை வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த தரகர்களும் மொத்த வியாபாரிகளும் விழித்துக் கொண்டிருப்பார்கள். லிப்டன் கடைக்காரராக இருக்கும் வரையில் அவர் அவர்களது வாடிக்கையாளர். தோட்டக்காரராகி விட்டாலோ அவர்களது போட்டியாளர்.

விலை பேசி முடியும் வரை லிப்டனிடம் மௌனம் இருந்தது. தோட்டங்கள் கைக்கு வந்த பிறகு அவர் மறைக்கவில்லை. தோட்டத்திலிருந்து இடைத்தரகர் இல்லாமல் நேரே உங்கள் தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்பதையே தன் விளம்பரமாக்கினார். மற்றவர்கள் இறாத்தல் 3 ஷில்லிங் அளவில் விற்ற தேயிலையை அவர் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு விற்றார். கால் இறாத்தல், அரை இறாத்தல் என்று சின்னப் பொதிகளிலும் போட்டார். அதுவரை தேநீரை எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள் வாங்கத் தொடங்கின.

லிப்டனைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த மலிவுத் தேயிலையைப் பறித்துக் கொடுத்த மக்களின் லயன் வாழ்க்கை வேறு ஒரு கதை. மறைத்தலுக்கு ஓர் ஆளும் ஒரு நாளும் உண்டு என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். லிப்டன் விற்பவரிடமும் போட்டியாளரிடமும் மறைத்தார். அதுவும் விலை முடியும் நாள் வரைதான். தன் கடைக்கு வந்து தேயிலை வாங்கும் ஏழையிடம் எதையும் மறைக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை.

தமிழ் பேசிய ஒருவரின் பெயரில் ஒரு பாடம்

கணினி, வீடியோ கேம் கொம்பனிகள் வாயைக் கட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு உலக வர்த்தக மொழியில் 'ஒஸ்போர்ன் விளைவு' என்றே பெயர் வைத்து விட்டார்கள்.

அடம் ஒஸ்போர்ன் என்பவர் 1939 இல் பாங்கொக்கில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் போலந்து நாட்டவர். தந்தை ஆர்தர் ஒஸ்போர்ன் திருவண்ணாமலை ரமண மகரிஷியின் பக்தர். ஆகவே அடமின் சிறுவயது தமிழ்நாட்டில் கழிந்தது. கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனார். தமிழ் பேசக் கற்றுக் கொண்டார். பிற்காலத்தில் அமெரிக்கா சென்று, 1981 ஏப்ரலில் 'ஒஸ்போர்ன் 1' என்ற கணினியை வெளியிட்டார். பெட்டி போலத் தூக்கிக் கொண்டு போகக் கூடிய கணினி. எடை சுமார் 11 கிலோ. விலை 1,795 டொலர். மென்பொருட்களையும் சேர்த்துக் கொடுத்ததால் மளமளவென்று விற்றது.

1983 இன் தொடக்கத்தில், இதைவிடச் சிறந்த அடுத்த கணினி வரப் போகிறது என்ற பேச்சு கொம்பனியிலிருந்தே வெளியே வந்தது. வாங்க இருந்தவர்கள், 'அதுவரை பொறுப்போம்' என்று நின்று விட்டார்கள். கடைக்காரர்கள் கொடுத்திருந்த ஓடர்களை நிறுத்தினார்கள். பழையது விற்கவில்லை, புதியது கைக்கு வரவில்லை. கொம்பனிக்குள் வரும் காசு நின்றது. 1983 செப்டெம்பரில் கொம்பனி வங்குரோத்து ஆனது.

அந்த வீழ்ச்சிக்கு இது மட்டும் காரணமல்ல என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதே விலையில் பெரிய திரையோடு கேய்ப்ரோ என்ற போட்டிக் கணினி வந்திருந்தது. கொம்பனியின் நிர்வாகத்திலும் ஓட்டைகள் இருந்தன. அதை ஏற்றுக் கொண்டாலும் பாடம் மாறாது. நாளைய பொருளைப் பற்றிப் பேசினால் இன்றைய பொருள் விற்காது. ஒஸ்போர்ன் பிறகு இந்தியாவுக்கே திரும்பி வந்து, 2003 இல் கொடைக்கானலில் காலமானார்.

வீடியோ கேம் கொம்பனிக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. ஏனென்றால் அதன் இலாபத்தின் பெரும் பகுதி பெட்டியில் இல்லை. பெட்டியைக் குறைந்த இலாபத்துக்கோ சில வேளை நட்டத்துக்கோ விற்றுவிட்டு, அதில் போட்டு விளையாடும் கேம்களில்தான் சம்பாதிக்கிறார்கள். 'புதுப் பெட்டி வருகிறது' என்று ஒரு வருடம் முன்பே சொன்னால் பழைய பெட்டியின் விற்பனை விழும். அதற்கான கேம்களின் விற்பனையும் சேர்ந்து விழும்.

ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கியவர்

1995 மே 11 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த விளையாட்டுக் கண்காட்சியை இந்தத் துறையினர் இன்னும் மறக்கவில்லை. ஜப்பானின் சேகா கொம்பனி தன் 'சட்டேர்ன்' பெட்டியின் விலை 399 டொலர் என்று அறிவித்தது. அதே நாளில் சொனி கொம்பனியின் சார்பில் ஸ்டீவ் ரேஸ் என்பவர் மேடைக்கு அழைக்கப்பட்டார். நீண்ட உரை இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அது பிளேஸ்டேஷனின் விலை. சபை கைதட்டலால் அதிர்ந்தது.

100 டொலர் வித்தியாசம். சொனி தன் விலையை ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தால், 399 என்று அறிவிப்பதற்கு முன் சேகா யோசித்திருக்கும். 2013 ஜூன் 10 இலும் இதே மாதிரி நடந்தது. பகலில் மைக்ரோசொப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் வண் பெட்டியின் விலை 499 டொலர் என்றது. அன்று மாலையே சொனி பிளேஸ்டேஷன் 4 இன் விலை 399 டொலர் என்றது. விலையில் பிறகு பேசுபவருக்கே வசதி.

தேயிலைக் கொழுந்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது விளங்காத விடயமல்ல. ஊவாத் தோட்டங்களின் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883 இல் தொடங்கிய அந்த ஏலம் 2020 முதல் கணினி வழியாக நடக்கிறது. வாங்க வரும் கொம்பனி, இந்தத் தேயிலைக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானித்துக் கொண்டுதான் வரும். அந்த எண்ணைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாது. சொன்னால் ஏலத்துக்கு வந்ததில் அர்த்தமில்லை.

விலையைப் போலவே யோசனையையும் காக்க வேண்டியிருக்கிறது. நின்டெண்டோ 2005 மே மாதக் கண்காட்சியில், பிற்காலத்தில் 'வீ' என்று அழைக்கப்பட்ட பெட்டியை மட்டும் காட்டியது. அதைக் கையில் பிடித்து விளையாடும் கருவியைக் காட்டவில்லை. செப்டெம்பரில்தான் அதை வெளியிட்டது. கையை வீசினால் திரையிலும் வீச்சு நடக்கும் என்பதுதான் அதன் புதுமை. அடுத்த வருடம் மே மாதத்தில் சொனி தன் பிளேஸ்டேஷன் 3 இன் கருவியிலும் அசைவை உணரும் வசதியைச் சேர்த்ததாக அறிவித்தது. செப்டெம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் எட்டு மாதங்கள். நின்டெண்டோ இன்னும் ஒரு வருடம் முன்பே காட்டியிருந்தால் போட்டியாளருக்கு எவ்வளவு அவகாசம் கிடைத்திருக்கும் என்று எண்ணிக் கொள்ளுங்கள். 'வீ' உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது.

இந்த இரகசியத்தை எப்படிக் காக்கிறார்கள்? பெட்டிக்குப் புனைபெயர் வைக்கிறார்கள். 'வீ' வெளிவரும் முன் அதன் பெயர் 'ரெவலூஷன்'. 'சுவிட்ச்' வெளிவரும் முன் அதன் பெயர் 'என்எக்ஸ்'. கேம் தயாரிக்கும் வெளிக் கொம்பனிகளுக்கு முன்கூட்டியே மாதிரிப் பெட்டிகளைக் கொடுக்கத்தான் வேண்டும். அவர்களிடம், வெளியே சொல்லமாட்டோம் என்று எழுத்தில் கையொப்பம் வாங்குகிறார்கள். இங்கேயும் கவனியுங்கள். போட்டியாளரிடம் மறைக்கிறார்கள். பங்காளியிடம் சொல்கிறார்கள், ஆனால் கையொப்பம் வாங்கிக் கொண்டு சொல்கிறார்கள்.

மறைக்கக் கூடாதவரிடம் மறைத்தால்...

இரகசியம் எப்போதும் நன்மை தரும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே 1995 மே 11 இல் சேகா இன்னொரு காரியத்தையும் செய்தது. சட்டேர்ன் பெட்டி செப்டெம்பர் 2 இல் விற்பனைக்கு வரும் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த மேடையில் திடீரென்று, 'இன்றே கடைகளில் இருக்கிறது' என்றார்கள். சொனியை முந்திவிட்டதாக நினைப்பு.

சுமார் 30,000 பெட்டிகளைத் தெரிவு செய்த நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டும் இரகசியமாக அனுப்பியிருந்தார்கள். வோல்மார்ட், பெஸ்ட் பை போன்ற பெரிய கடைகளுக்கு ஒரு வார்த்தையும் இல்லை. கேபி டோய்ஸ் என்ற விளையாட்டுப் பொருட் கடைத்தொடர் கோபத்தில் சேகாவின் பொருட்களை விற்பதையே நிறுத்தியது. கேம் தயாரிப்பாளர்களுக்கும் சொல்லவில்லை. அவர்கள் செப்டெம்பரைக் கணக்கில் வைத்து வேலை செய்து கொண்டிருந்தார்கள். ஆகவே பெட்டி வந்தது, அதில் விளையாடக் கேம் போதவில்லை.

போட்டியாளரைத் திகைக்க வைக்கப் போய், சேகா தன் சொந்தப் பங்காளிகளைத் திகைக்க வைத்தது. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. சட்டேர்ன் ஒரு கோடியையும் எட்டவில்லை. 2001 ஜனவரியில் சேகா விளையாட்டுப் பெட்டி தயாரிப்பதையே கைவிடுவதாக அறிவித்தது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கடைக்காரர்களின் நம்பிக்கை போனது அந்த மே மாதத்தில்தான்.

நம் பஸாரில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஊவாவின் நகரங்களில் நான் பல வருடங்களாகக் கடைக்காரர்களோடு பழகி வருகிறேன். இரகசியத்தை நாம் பெரும்பாலும் தலைகீழாகப் பிடித்துக் கொண்டிருக்கிறோம் என்பதே என் அவதானம். போட்டியாளரிடம் சொல்லிவிடுகிறோம். பங்காளியிடமும் வாடிக்கையாளரிடமும் மறைக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இரண்டாவது கிளை திறக்க இடம் பார்த்து வைத்திருந்தார். முற்பணம் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் தேநீர்க் கடையில் இருந்து கொண்டு, எந்தக் கட்டடம், என்ன வாடகை, என்ன பொருள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பெருமைதான் காரணம், வேறொன்றும் இல்லை. அடுத்த வாரம் அதே கட்டடத்துக்கு இன்னொருவர் கூடுதல் முற்பணம் கொடுத்து எடுத்துவிட்டார். அதை எடுத்தவர் மேல் இவருக்கு இன்றும் கோபம். ஆனால் அந்தச் செய்தியை அவருக்குக் கொடுத்தவர் யார்?

இன்னோர் இடத்தில் இரண்டு உறவினர்கள் பங்காக நடத்திய கடை. ஒருவர் புதிய ஏஜென்சி ஒன்றுக்குப் பேசியதைக் கையெழுத்தாகும் நாள் வரை மற்றவரிடம் சொல்லவில்லை. 'சொன்னால் வெளியே போய்விடும்' என்பது அவர் சொன்ன காரணம். ஏஜென்சி கிடைத்தது, பங்கு பிரிந்தது. இன்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது ஆள் வாடிக்கையாளர். இதுதான் மனதைத் தொடும் விடயம். ஸ்பிரிங்வேலியிலிருந்தோ நமுனுகுலவிலிருந்தோ ஒரு தாய் தன் பிள்ளைக்குப் போன் வாங்க வருகிறாள் என்று வைத்துக் கொள்வோம். விலை 54,000 ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியில் கணக்குப் பார்த்தால், முழுதாக 40 நாள் கொழுந்து பறித்த கூலி அது. தவணை முறையில் எடுத்தால் இன்னும் கூடும். அந்த மொடல் அடுத்த வாரம் விலை இறங்கப் போகிறது என்று ஏஜென்ட் கடைக்காரரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். தாய் கேட்கிறாள், "முதலாளி, புது மொடல் வரப் போகுதா?" கடைக்காரர் என்ன சொல்ல வேண்டும்?

தேக்கத்தில் உள்ளதைத் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரத்தில், "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது இரகசியம் காப்பதல்ல, பொய் சொல்வது. நின்டெண்டோவின் தலைவர்கூட 'புதியது வரும், விபரம் இப்போது இல்லை' என்றுதான் சொன்னார். பழைய பெட்டி ஏராளமாக விற்றுக் கொண்டிருந்த நேரத்திலும், வராது என்று அவர் சொல்லவில்லை. பொருளின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் மோசடி என்கிறது. வரப் போகும் திட்டத்தை வெளியிடாமல் இருப்பது வேறு, கேட்டவரிடம் பொய்யான பதிலைக் கொடுத்துக் காசு வாங்குவது வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டு, 'வியாபாரம் என்றால் அப்படித்தான்' என்று சொல்லக் கூடாது.

தோட்ட வாடிக்கையாளர் ஒரு நாள் வந்து போகிறவர் அல்ல. தோட்டத்தில் ஒரு லயனில் ஒருவர் ஏமாந்தால் அந்தச் செய்தி மாலைக்குள் அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும். அந்தத் தாயிடம், "பத்து நாள் பொறுத்து வாங்க, விலை குறையும். இப்பவே வேணும் என்றால் இந்த விலைக்குத் தாறேன்" என்று சொன்னால் ஒரு விற்பனை தள்ளிப் போகலாம். ஆனால் அந்தக் குடும்பம் அடுத்த தீபாவளிக்கும் உங்கள் கடைக்குத்தான் வரும்.

தேக்கம் உங்கள் தலையில் விழாதிருக்க

"அப்படியானால் பழைய சரக்கின் நட்டத்தை யார் தாங்குவது?" என்று கடைக்காரர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. கொம்பனி மறைக்கிறது, ஏஜென்ட் தாமதமாகச் சொல்கிறார், வரிசையின் கடைசியில் நிற்பவர் பதுளைக் கடைக்காரர். 20 போன்கள் தேங்கி, ஒன்றுக்கு 5,000 ரூபா விலை இறங்கினால் ஒரே நாளில் ஒரு இலட்சம் ரூபா போகிறது. இதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, கொம்பனிகள் திகதியை மறைக்கலாம், காலத்தை மறைக்க முடியாது. பிளேஸ்டேஷன் பெட்டிகள் 1994, 2000, 2006, 2013, 2020 என்று ஆறேழு வருடங்களுக்கு ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன. பெரும்பாலும் நவம்பர், டிசெம்பரில், நத்தார் விற்பனையைக் குறிவைத்து வருகின்றன. ஆப்பிள் போன்கள் பெரும்பாலும் செப்டெம்பரில். சாம்சுங்கின் முன்னணிப் போன்கள் வருடத்தின் தொடக்க மாதங்களில். இதைச் சுவரில் எழுதி வைத்துக் கொண்டால், தீபாவளி முற்பணம் தோட்டத்தில் கைக்கு வரும் காலத்தை நம்பி எந்த மொடலை எவ்வளவு வாங்கலாம் என்று அளவாகத் தீர்மானிக்கலாம்.

இரண்டாவது, விலை இறங்கினால் தேங்கிய சரக்கின் வித்தியாசத்தை யார் தாங்குவது என்று ஏஜென்டிடம் வாங்கும்போதே கேளுங்கள். இலத்திரனியல் வியாபாரத்தில் அந்த வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உலகில் இருக்கிறது. கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை. வாய்ப் பேச்சில் விடாமல் ஒரு வரியாவது எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, உங்கள் சொந்தத் திட்டத்தை மூன்று பேரோடு வைத்துப் பாருங்கள். போட்டியாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. பங்காளிக்கும், பணம் போட்டவருக்கும், அதில் வேலை செய்யப் போகும் பணியாளுக்கும் தெரிய வேண்டும். 'இது வெளியே போகக் கூடாது' என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். வாடிக்கையாளருக்கு, அவருடைய காசைப் பாதிக்கும் அளவுக்குத் தெரிய வேண்டும்.

நான்காவது, கைக்கு வராததை விளம்பரம் செய்யாதீர்கள். 'விரைவில்' என்று பலகை மாட்டிவிட்டு ஆறு மாதம் கழித்தும் பொருள் வராத கடைகளைப் பார்த்திருக்கிறேன். இருக்கும் பொருளின் விற்பனையும் நின்று, சொன்ன சொல்லும் போகும். சரக்கு கடைக்கு வந்து, விலையும் தீர்மானமான பிறகு அறிவியுங்கள். அப்போது ஒளிக்காமல் உரத்துச் சொல்லுங்கள். நோட்டீஸ் அடியுங்கள், பஸ் நிலையத்தில் பலகை வையுங்கள்.

இதில் எதற்கும் பெரிய முதல் தேவையில்லை. அடுத்த முறை ஒரு திட்டம் மனதில் வந்தால், தேநீர்க் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் பாருங்கள். இதை யாரிடம் மறைக்க வேண்டும்? யாரிடம் இன்றே சொல்ல வேண்டும்? எந்த நாளில் எல்லோருக்கும் அறிவிக்கப் போகிறேன்? மூன்றாவது கேள்விக்குத் திகதி போட முடியவில்லை என்றால், அந்தத் திட்டம் வெளியே சொல்லும் அளவுக்கு இன்னும் பழுக்கவில்லை என்று வைத்துக் கொள்ளலாம்.